நாணலுக்கும் ரொட்டிக்கும் பிறகு

மென்னெஃபெர்
ஏழாம் ஆண்டு, வெள்ளக்காலம் முதல் மாதம், 12ஆம் நாள்

ஆபுத் தீவில் இருக்கும் மீயித்துக்கு,

உயிரும் நலமும் வலிமையும் உனக்கு நாள்தோறும் கிடைக்கட்டும். ப்தா சாமியின் கண் உன்மேல் இருக்கட்டும். நான் நலம். இடது முட்டி மட்டும் நலமில்லை.

மீயித், இதை எழுதுவது நான். கூலிக்கு எழுதுகிறவர் யாரும் பக்கத்தில் இல்லை. நானே, இந்தக் கையாலேயே, அறுபத்திரண்டு வயதில்! இந்த வரி வரைக்கும் வர மூன்று நாள் ஆகியிருக்கிறது.

கோயில் எழுத்தராக இருந்த சென்புவை உனக்கு நினைவிருக்கும். இப்போது கண் இரண்டிலும் பால் படர்ந்துவிட்டது. போன கோடையில் பட்டறைக்குத் தடவித் தடவி வந்து, "யோவ் இமேரு, எனக்கு எழுத்து இருக்கு, கண்ணு இல்ல. உனக்குக் கண்ணு இருக்கு, எழுத்து இல்ல. ரெண்டு பேரையும் ஒட்டவச்சா ஒரு முழு ஆளு தேறும்யா" என்றார். மறுநாளே என் உள்ளங்கையில் விரலால் வரைந்து காட்டத் தொடங்கினார். கூச்சமாக இருந்தது. இரண்டு கிழவர்கள் கை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். பதிலுக்கு நான் சென்புவின் பழைய சுருள்களை எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டுகிறேன். ஒரு வரி முடிவதற்குள் சென்பு தூங்கிவிடுகிறார்.

உனக்குத் தெரியுமா, எழுத்தெல்லாம் நம் பட்டறை ஜந்துக்கள்தான்! ஆந்தை, பருந்து, முயல், வாத்துக்குஞ்சு. நாற்பது வருஷமாக மணற்பொடி பிசைந்து, அச்சில் அழுத்தி, சூளையில் சுட்டு, நீலம் நீலமாகத் தாயத்து செய்தேனே, அத்தனையும் எழுத்து. எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. சென்பு என்னைச் சும்மா கோடாக இழுக்கச் சொல்கிறார். எனக்கு மனம் வராது. ஆந்தைக்கு நகம் வரைக்கும் போட்டுவிடுவேன். ஒரு ஆந்தைக்கு ஒரு காலைப்பொழுது போய்விடும்.

உன் பேரின் கடைசியில் ஒரு பூனை உட்கார வேண்டும். நான்கு தடவை வரைந்தேன். முதல் பூனை கழுதையாகிவிட்டது. நீ பிறந்தபோது மீ, மீ என்றுதான் கத்தினாய். அதனால்தான் பூனை என்று பேர் வைத்தேன். உன் அம்மா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

செபெக்கிக்கு ஒரு நீல ஈ அனுப்புகிறேன். கோட்டைக்காரர்கள் கழுத்தில் ஈ போடுவார்கள். எத்தனை விரட்டினாலும் திரும்பி வந்து மொய்ப்பதால் அது வீரத்துக்கு அடையாளம். செபெக்கியும் உன்னைக் கேட்டு நம் வாசலை அப்படித்தான் மொய்த்தான்.

படித்துறையில் நான் கத்தியதைப் பற்றியும் எழுத நினைத்தேன். அதற்கான எழுத்துக்களை இன்னும் கற்கவில்லை.

உன் காது நல்ல சேதியையே கேட்கட்டும்.

இப்படிக்கு,
தாயத்து செய்யும் இமேரு

~

ஆபு
வெள்ளக்காலம் இரண்டாம் மாதம், 20ஆம் நாள்

அப்பாவுக்கு,

குனூம் சாமி உங்கள் மூச்சையும் உங்கள் முட்டியையும் காக்கட்டும். நாங்கள் இருவரும் நலம். முட்டிக்கு விளக்கெண்ணெய் தேய்க்கிறீர்களா, இல்லை சூளைச் சூடே போதும் என்று இருக்கிறீர்களா?

உங்கள் கடிதத்தை ஏழு தடவை படித்துவிட்டேன். நானே படித்தேன். அவர் எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்திருக்கிறார். "குடு, நான் படிச்சுக் காட்டறேன்" என்று கை நீட்டினார். "தொட்டா விரல் இருக்காது" என்றேன். பூனை அழகாக இருக்கிறது. காது மட்டும் இன்னும் கழுதைதான்.

ஈயைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் கோட்டைக்குப் போகிறார். "மீயித், உங்கப்பா இத அனுப்பினது பாராட்டவா, கிண்டல் பண்ணவா?" என்று கேட்டார். இரண்டுக்கும்தான் என்றேன். சந்தோஷமாகப் போனார்.

அப்பா, படித்துறையில் நீங்கள் கத்தியதை நானே எழுதிவிடுகிறேன். உங்களுக்குச் சிரமம் வேண்டாம். "போ, அந்த முதலைப் பேர்க்காரன்கூடவே போ! இனிமே நான் உனக்கு அப்பன் இல்ல!" அவருக்கு முதலைச் சாமியின் பேரை வைத்தது அவரா? மூன்று வருடம் ஆகிவிட்டது. படகில் என் பக்கத்தில் இருந்த வெங்காயக்காரிகூட அழுதாள். அதனால் கடிதம் வந்ததும் கடைசி வரியைத்தான் முதலில் பார்த்தேன். 'தாயத்து செய்யும் இமேரு' என்று இருந்தது. ஆபுவிலும் ஓர் இமேரு இருக்கிறார், வாத்து விற்கிறார். எந்த இமேரு என்று எனக்குத் தெரிய வேண்டாமா? அடுத்த முறை ஒரு சொல் சேர்த்து எழுதுங்கள். ஒரே ஒரு சொல். அது போதும், வேறெதுவும் வேண்டாம்.

மறந்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரிக்குப் பிள்ளைப்பேற்றுக்கு ஒரு தவளைத் தாயத்து வேண்டுமாம். நீங்கள் செய்ததுதான் வேண்டுமாம்.

இப்படிக்கு,
உங்கள் மகள் மீயித்

~

மென்னெஃபெர்
வெள்ளக்காலம் மூன்றாம் மாதம், 16ஆம் நாள்

மீயித்துக்கு,

உயிரும் நலமும் வலிமையும். பக்கத்து வீட்டுக்காரிக்கும் சேர்த்துத்தான். முட்டி பரவாயில்லை. எண்ணெய் தேய்க்கிறேன். சென்பு அதன் வாசனை பிடித்தே நான் வருவதைக் கண்டுபிடிக்கிறார்.

தவளையே சாமிக்கு மனைவியாக இருக்கிற ஊர் ஆபு. தெருவுக்குத் தெரு தவளை விற்பார்கள். அங்கே இருந்துகொண்டு மென்னெஃபெர் தவளை கேட்கிறாள் என்றால் பக்கத்து வீட்டுக்காரி விவரமானவள். நான் அதிகம் கேட்க மாட்டேன். கேட்காமலே சந்தோஷமாக இருக்க எனக்குத் தெரியும். சூளைக்கு முன்னால் முட்டியையும் மறந்து குதித்தேன், அதை மட்டும் அவளிடம் சொல்லிவிடு.

முதல் தவளை சூட்டில் வெடித்தது. இரண்டாவதற்கு ஒரு கண்தான் வந்தது. மூன்றாவது வந்தது பார், வானத்தைப் பிய்த்து உருட்டின மாதிரி. வெள்ளம் வடிந்த சேற்றில் காலை வைத்தால் ஆயிரம் குட்டித் தவளை துள்ளும். நேற்று வரை சேறு, இன்று அத்தனையும் உயிர். அந்தத் துணிச்சல் அவள் வயிற்றுக்கு வரட்டும். இடுப்பில், தோலில் படும்படி கட்டச் சொல். கூடவே நீர்யானைத் தாயும் வைத்திருக்கிறேன். வலி வரும்போது கையில் பிடித்துக்கொள்ளச் சொல். குட்டி பக்கத்தில் படகு வந்தால் படகையே கவிழ்த்துவிடுகிறவள் நீர்யானை. அப்படி ஒருத்தி வாசலில் நின்றால் எது உள்ளே வரும்?

காலையில் குமட்டினால் சீரகம் மெல்லச் சொல். பக்கத்து வீட்டுக்காரிக்குச் சின்ன வயதில் வறுத்த தாமரைக்கொட்டை பிடிக்கும். ஒரு பை நிறைய அனுப்புகிறேன்.

செபெக்கி நலமா? செபெக்கிக்கு வேலை அதிகமா? செபெக்கியின் அம்மா செபெக்கிக்கு உதவியாக வந்து இருப்பாளா?

நீ கேட்ட சொல்லை எழுதியிருக்கிறேன். நாணலைச் செதுக்கினது போல் எழுதினேன். ரொட்டியைச் சுட்டது போல் எழுதினேன்.

உன் காது நல்ல சேதியையே கேட்கட்டும்.

இப்படிக்கு,
உன் வாற்கோதுமை இமேரு

~

ஆபு
வெள்ளக்காலம் நான்காம் மாதம், 14ஆம் நாள்

அப்பாவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

பக்கத்து வீட்டுக்காரி யாரும் இல்லை. நான்தான். தவளை என் இடுப்பில் இருக்கிறது. தாமரைக்கொட்டை இரண்டு நாளில் தீர்ந்துவிட்டது.

அப்பா என்ற சொல்லும் வாற்கோதுமை என்ற சொல்லும் வாய்க்கு ஒன்றுதான். எழுத்தில்தான் வேறு. அப்பாவுக்கு முதலில் நாணல், அடுத்து ரொட்டி, பிறகு கடைசியாக ஓர் எழுத்து. அதை உச்சரிப்பதில்லை. ஆனால் அது இருந்தால்தான் அப்பா, இல்லாவிட்டால் வாற்கோதுமை. உங்களுக்கு அது தெரியும். ஒரு பட்டறை மிருகங்களை நகத்தோடு வரைகிறவருக்கு அது தெரியாமல் இருக்காது. அவர் கடைசி வரியைப் படித்துவிட்டு, "பாவம், மாமாவுக்கு வாற்கோதுமை இல்ல போல. வாய்விட்டுக் கேக்கக் கூச்சப்படறாரு" என்று இரண்டு மூட்டை ஏற்றிவிட்டார். இந்தக் கடிதத்தோடு அதுவும் வரும். அவர் நல்லவர், அப்பா.

எனக்கு மூட்டை கட்டத் தோன்றவில்லை. நாணல் எழுதினீர்கள், ரொட்டி எழுதினீர்கள், அதற்குமேல் கை போகவில்லை. படித்துறையில் வாயால் சொன்னதைக் கையாலும் சொல்லிவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்ளட்டுமா?

இன்னொன்றும் பார்த்தேன். செபெக்கி, செபெக்கி, செபெக்கி, செபெக்கி என்று ஒரே வரியில் நான்கு தடவை. ஓரிடத்தில்கூட 'அவன்' இல்லை. அவரை ஒரு மனிதனாகச் சேர்க்கக்கூட உங்களுக்கு மனம் வரவில்லையா?

மீயித்

~

மென்னெஃபெர்
விதைப்புக்காலம் முதல் மாதம், 9ஆம் நாள்

என் மீயித்துக்கு,

உயிர், நலம், வலிமை, இன்னும் என்னென்ன உண்டோ அத்தனையும்.

மூட்டை வந்தது. செபெக்கிக்கு நன்றி சொல். ஒரு மூட்டையில் கள் காய்ச்சினோம். சென்பு குடித்துவிட்டு, "இனிமே மாசாமாசம் தப்பாவே எழுதுய்யா" என்றார்.

நீ எடுத்துக்கொண்டது சரியில்லை. காரணம் வேறு. குழந்தை பிறந்த பிறகு சொல்கிறேன். இப்போது சொல்லக் கூடாது. செபெக்கி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

கனமானதைத் தூக்காதே.

இமேரு

~

மென்னெஃபெர்
விதைப்புக்காலம் இரண்டாம் மாதம், 18ஆம் நாள்

மீயித்துக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? என் உடம்பைப் பற்றி நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் நலம் என்று எழுதியிருப்பேன்.

தெற்கேயிருந்து நான்கு படகு வந்தது. நான்கிலும் கேட்டேன். படகோட்டி ஹெப்பு என்னைத் தூரத்தில் பார்த்ததுமே, "ஒண்ணும் இல்ல பெரியவரே, ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல!" என்று கையை ஆட்டுகிறான். அந்தப் பதிலை மூன்று தடவை சொல்ல என்ன அவசியம்?

குழந்தைக்கு ஒரு மீன் செய்திருக்கிறேன். முடி வளர்ந்ததும் சடை நுனியில் தொங்கவிடு. ஆறு குழந்தையை இழுக்காது. மீனை ஆறு மூழ்கடித்ததாக யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா? செதிலை ஒவ்வொன்றாகக் கீறினேன். முப்பத்திரண்டு செதில்.

ஒரு வரி போதும். நலம் என்று ஒரு சொல் போதும். ஒரு சொல்லுக்காகக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போது தெரிகிறது.

இமேரு

~

ஆபு
விதைப்புக்காலம் மூன்றாம் மாதம், 11ஆம் நாள்

மாமாவுக்கு,

செபெக்கி வணங்கி எழுதுவது. உங்களுக்கு உயிரும் நலமும் வலிமையும். மீயித் உடம்பால் நலம்.

நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் ஈயைக் கழற்றி ஆற்றில் போட்டுவிடுவாள். உங்கள் கடைசிக் கடிதங்கள் இரண்டின் கட்டையும் அவள் அவிழ்க்கவில்லை. எள் ஜாடிக்குள் போட்டு வைத்திருக்கிறாள். ஆனால் தினமும் ஜாடியைத் திறந்து, இருக்கிறதா என்று பார்க்கிறாள்.

உங்களிடம் மறைத்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். பத்து நாள் இருந்தாள். "அப்பாகிட்ட சொல்லலாமா?" என்று கேட்டேன். "எந்த அப்பாகிட்ட?" என்றாள். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. இந்த முறை எட்டு மாதம் ஆகிறது. மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டு, "என்னப்பா இது, பொண்ணு எப்பப் பாத்தாலும் பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்கு. பிள்ளையையும் சேத்துல்ல புடிச்சு வச்சிருக்கு" என்றாள்.

மாமா, உங்களுக்கு என்மேல் கோபம் இருக்கலாம். மகளை ஆற்றின் மறுகோடிக்குக் கொண்டுவந்துவிட்டேன், நியாயம்தான். 'அவன்' என்று என்னைச் சொல்ல வேண்டாம், நாய் என்றுகூடச் சொல்லுங்கள். அவளுக்கு மட்டும் அந்தச் சொல்லை முழுதாக எழுதிவிடுங்கள். நாணல், ரொட்டி, கொம்பு விரியன். 'அவன்' என்பதற்குப் போடுவதும் அதே விரியன்தான். ஒரு வளைவு, தலையில் இரண்டு கொம்பு. எழுதப் பழகும் பிள்ளைகள் மூன்றாம் நாளே எழுதிவிடும். அதில் என்ன கஷ்டம் என்று எனக்குப் புரியவில்லை.

இப்படிக்கு,
முதலைப் பேர்க்காரன்

~

மென்னெஃபெர்
விதைப்புக்காலம் நான்காம் மாதம், 3ஆம் நாள்

என் மீயித்துக்கு, என் பூனைக்குட்டிக்கு,

இதைச் செபெக்கி சத்தமாகப் படிக்கட்டும். நீ காதால் கேள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

உன் பெண்குழந்தையைப் பற்றிச் செபெக்கி எழுதினான். பத்து நாள் இருந்தவளுக்குப் பத்து மணி கோத்து வைத்திருக்கிறேன். எங்கே வைக்க வேண்டும் என்று நீ சொல்.

உன் அம்மா போனபோது உனக்கு ஏழு வயது. மணல்மேட்டில் ஒன்று கடித்துப் போனாள் என்று உனக்குத் தெரியும். மீதியை நான் உன்னிடம் சொன்னதில்லை. அன்றைக்குச் சூளை எரிந்துகொண்டிருந்தது. பொடிக்கு வெள்ளை மணல் தீர்ந்துவிட்டது. "சூளை ஆறிடும், ஓடிப்போயி ரெண்டு கூடை அள்ளிட்டு வா" என்றேன். அவள் கையில் மாவு இருந்தது. கழுவக்கூட நான் விடவில்லை. மாவுக் கையோடு போனாள். தூக்கிக்கொண்டு வந்தபோதும் விரலில் மாவு காய்ந்திருந்தது.

அது உடம்பை மணலில் புதைத்துக்கொண்டு இரண்டு கொம்பை மட்டும் நீட்டிக் கிடக்கும். சென்பு என் உள்ளங்கையில் அந்த எழுத்தை வரைந்த அன்று நான் கையை இழுத்துக்கொண்டேன். ஒரு வளைவு, இரண்டு கொம்பு. அப்படியேதான் இருந்தது.

"யோவ், அது எழுத்துய்யா. கடிக்காது" என்றார் சென்பு.

"அப்ப நான் செய்யற தவளை?"

"அது தாயத்து. வேல செய்யும்."

"தவளை நம்ம கையால செஞ்சா வேல செய்யும், இது மட்டும் வெறும் கோடா? ரெண்டுல ஒண்ணு சொல்லும்."

சென்பு ரொம்ப நேரம் வெங்காயம் மென்றார். பிறகு, சவப்பெட்டியில் எழுதுகிறவர்கள் அதன் கழுத்தை வெட்டினாற்போல் இரண்டு துண்டாக எழுதுவார்கள், செத்தவர்களைக் கடிக்கக் கூடாதென்று, அப்படி எழுதேன் என்றார். செத்தவர்களுக்குச் செய்வதைப் பிள்ளை பெறுகிற வீட்டுக்கு அனுப்புவேனா? அதுவும் அந்தச் சொல்லின் கழுத்தை வெட்டியா? நாற்பது வருஷத்தில் தேள் செய்திருக்கிறேன், முதலை செய்திருக்கிறேன். அதை மட்டும் செய்ததில்லை. ஓட்டுச் சில்லில் ஒரு தடவை வரைந்து பார்த்தேன். உடைத்து ஆற்றில் போட்டுவிட்டுக் கை கழுவினேன். அந்த எழுத்தை விட்டு எழுதினால் சென்புவுக்குக் கண் தெரியாது, உனக்கும் தெரியாமல் போய்விடும் என்று நினைத்தேன். நீ என்னைவிட நன்றாகப் படிக்கிறாய். இந்தக் கடிதத்திலும் அதன் பேரைக்கூட எழுதாமல்தான் இத்தனை தூரம் வந்திருக்கிறேன்.

படித்துறையில் நான் கத்தியது பொய். ஒருத்தியை மணலுக்கு அனுப்பித் தொலைத்தேன். இன்னொருத்தியை அதைவிடத் தூரம் அனுப்ப வேண்டுமே என்ற பயம். பயத்துக்கு வேறு சொல் கிடைக்காமல் அதைச் சொன்னேன்.

நீ கேட்ட சொல்லைக் கீழே எழுதுகிறேன். அதற்குத்தான் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். கண்ணால் பார்த்தால் பாதிதான் இருக்கும். வாயால் சொன்னால் முழுதாகக் கேட்கும்.

நாணல், ரொட்டி.
இமேரு

~

ஆபு
அறுவடைக்காலம் முதல் மாதம், 8ஆம் நாள்

அப்பாவுக்கு,

குனூம் சாமியும் தவளைத் தாயும் உங்களைக் காக்கட்டும். இங்கே எல்லோரும் நலம். எத்தனை பேர் என்று பிறகு சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தையும் ஜாடிக்குள் போடத்தான் போனேன். அவர் பிடுங்கிக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்து கோட்டையில் உத்தரவு படிப்பது போலப் படித்தார். தெருவே நின்று கேட்டது. மாவு என்ற இடத்தில் வாத்து விற்கிற இமேருகூட மூக்கைச் சிந்தினார். கடைசியில் நாணல், ரொட்டி என்று இருந்ததை அவர் எழுத்தாகச் சொல்லவில்லை, அப்பா என்று சொல்லாகவே சொன்னார். முழுதாகத்தான் கேட்டது. அன்றைக்கே ஜாடியைத் திறந்து மற்ற இரண்டையும் படித்தேன். முப்பத்திரண்டு செதில் இல்லை, முப்பத்தொன்று. எண்ணிவிட்டேன்.

அப்பா, அம்மாவை நீங்கள் அனுப்பினீர்களா? அம்மாவை யாராவது எங்கேயாவது அனுப்ப முடிந்திருக்கிறதா? அன்றைக்கு நானும் பட்டறையில் இருந்தேன். நீங்கள் கத்தியதும் அம்மா என்னிடம் குனிந்து, "இந்த மனுஷன் சூளையக் கட்டிக்கிட்டு அழட்டும். இங்க இருந்தா திட்டிக்கிட்டே இருப்பாரு, நான் காத்தாட நடந்துட்டு வரேன்" என்று சிரித்துக்கொண்டுதான் போனாள். கையைக் கழுவாததும் அவள் இஷ்டம்தான். இத்தனை வருடமாக இதை நீங்கள் அறிவீர்கள் என்றே நினைத்திருந்தேன்.

வலி ஒரு பகல் முழுக்க. நீர்யானையை நான் பிடித்த பிடியில் அதன் மூக்கு உடைந்துவிட்டது. மருத்துவச்சி, "அது உனக்கு வர வேண்டிய அடி, அவ வாங்கிக்கிட்டா, விடு" என்றாள். சாயங்காலம் பிறந்தான். ஆண். இன்றோடு பன்னிரண்டு நாள். பத்தாம் நாள் முழுக்க நானும் அவரும் அவனை மாறி மாறி மடியில் வைத்துக்கொண்டே இருந்தோம். பதினோராம் நாள் காலையில் அவன் பாலுக்குக் கத்தினான். பாருங்கள், ஒரு வரிக்குள் எத்தனை 'அவன்'! அத்தனையும் விரியன்தான். என் கையை ஒன்றும் கடிக்கவில்லை.

வெறும் கோடு என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் தவளை வேலை செய்தது. அப்படியானால் விரியனும் வேலை செய்யும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் பேரின் கடைசியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? நீங்கள் செய்து விற்கிற பூனைகளின் காலடியில் என்ன நசுங்கிக் கிடக்கிறது? அம்மாவோடு சண்டை போட்டு எனக்கு அந்தப் பேரை வைத்தது யார்?

பத்து மணியையும் அனுப்புங்கள். அவள் இருக்கும் இடத்துக்கு நானே எடுத்துப் போகிறேன்.

உங்கள் பேரனுக்கு ஒரு பேர் வைத்திருக்கிறோம். இப்போது சொல்ல மாட்டேன். அவன் பேர் என்ன என்று முறைப்படி எழுதிக் கேளுங்கள், சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மகள் மீயித்

~

மென்னெஃபெர்
அறுவடைக்காலம் இரண்டாம் மாதம், முதல் நாள்

என் மகள் மீயித்துக்கு,

உயிரும் நலமும் வலிமையும் உனக்கும் செபெக்கிக்கும் அவனுக்கும்.

எழுதிவிட்டேன். சென்பு என் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்து, "என்னய்யா இவ்ளோ மெதுவா?" என்றார். "வயசு" என்றேன். "வயசாம்!" என்று சொல்லிவிட்டுக் கையை எடுக்காமலே உட்கார்ந்திருந்தார். ஒரு வளைவு, இரண்டு கொம்பு. தாளில் அது அசைகிறதா என்று மை காயும்வரை பார்த்தேன். அசையவில்லை. ஆனாலும் நான் நாற்பது வருஷம் தொழில் செய்தவன், சும்மா விட்டுவிட முடியாது. அதனால் ஒவ்வொரு விரியனுக்குப் பின்னாலும் ஒரு பூனை வரைந்திருக்கிறேன். இந்தப் பூனைகளுக்கு உச்சரிப்பு இல்லை. செபெக்கி திட்டுவான். பூனையைத் தாண்டித் தாண்டிப் படிக்கச் சொல். சென்புவிடம் இதைச் சொல்லவில்லை.

அவன் நன்றாகப் பால் குடிக்கிறானா? அவனுக்கு யார் மூக்கு? உன் அம்மா மூக்கு என்றால் அவனை யாரும் எங்கேயும் அனுப்ப முடியாது. அவனுக்கு மீனை இப்போதே கட்டாதே, வாயில் போட்டுக்கொள்வான். முப்பத்தொரு செதில்தான். நானும் அதே அளவில் இன்னொரு மீன் கீறி எண்ணிப் பார்த்தேன். விட்ட செதிலை அவன் முடி வளரும் நாளில் நானே வந்து கீறித் தருகிறேன். ஹெப்புவிடம் படகில் ஓர் இடம் சொல்லியாகிவிட்டது. "ஒண்ணும் இல்ல பெரியவரே" என்று ஆரம்பித்தான். "எனக்குக் கடுதாசி வேணாம்டா, நானே வரேன்" என்றேன். சென்புவும் வருவேன் என்கிறார். எதைப் பார்க்க என்று கேட்டேன். "பாக்கறதுக்குத்தான் நீ இருக்கியே" என்கிறார்.

மணி பத்தும் இதோடு வருகிறது. உன் அம்மா சிரித்துக்கொண்டு போனாள் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைச் சென்புவுக்குப் படித்துக் காட்டினேன். இந்த முறை சென்பு தூங்கவில்லை. இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

அவன் பேர் என்ன?

தாள் தீர்ந்துவிட்டது, ஒரு வரிக்குத்தான் இடம். நம் எழுத்தில் எல்லா ஜந்துவும் வரியின் தொடக்கத்தைப் பார்த்துத்தான் உட்காரும். நீ கேட்ட சொல் முன்னால் வருகிறது, உன் பேர் பின்னால் வருகிறது. விரியன் எனக்குக் காவலாகத் தலை தூக்கிக் கிடக்கிறது. அதன் முதுகை விட்டுக் கண்ணை எடுக்காமல் உன் பூனை உட்கார்ந்திருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் நான் தனியாகப் பூனை வரையவில்லை. காது இந்தத் தடவை பூனைக் காதுதான்.

இப்படிக்கு,
மீயித்தின் அப்பா